ஒன்பதாம் பாகம்

குகையக்கா என்றுதான் அவளுக்கு எங்களிடம் பெயர்.
டிஸ்க்கின் மேல் வேறு பெயர் அச்சடித்திருந்தது,
ஒருத்தருக்கும் வாயில் நுழையாத ஒன்று.

முதல் பாகம் ஏ-ஒன்பது திறந்த வருசம்
கொழும்பிலிருந்து வந்த கள்ளக்கொப்பி.
அவளுக்கு இருபத்துநாலு, எனக்குப் பன்னிரண்டு.
ஒன்பதாம் பாகம் போன வெள்ளி இறங்கியது.
அவளுக்கு இருபத்துநாலு.
எனக்கு வலது முழங்காலில் ஊசி போட்டு
மூன்று கிழமை.

"பழசாப் போச்சு அண்ணை, விடுங்கோ."
டெலக்சன் சொல்கிறான். கஸ்தூரியார் வீதியில்
என் கடைக்கு எதிரே ஃபோன் கண்ணாடி மாற்றுகிறவன்.
"எந்தச் சுவரில ஏறலாமெண்டு
வெள்ளைப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறாங்கள்.
பாலத்தில கால் வச்சா உடையும்.
உடைஞ்சாலும் விழமாட்டா, ஒரு கையில தொங்குவா.
எத்தினை தரமண்ணை?"

நான் மறுக்கவில்லை.
ஒன்பது பாகத்திலும் அதே தீப்பந்தம்,
ஆளில்லாத கோயிலில் ஆயிரம் வருசமாய் எரிவது.
எண்ணெய் விடுகிறவர் யாரென்று
ஒரு பாகத்திலாவது காட்டியிருக்கலாம்.

ஆனால் தலைமயிர் அசையும் விதம்,
கதவு திறக்குமுன் சுழலும் வட்டம்,
இவற்றை வைத்து அவன் பழசு என்றால்
அது எனக்குப் பொருட்டில்லை.
இரண்டாம் பாகத்தில் அவள் முகம்
ஏழெட்டு முக்கோணம்.
அழுதபோது முக்கோணங்கள் ஆடின.
நம்பினேன்.

ஞாயிறு, மயிலிட்டி.
மச்சாள் யசோதினியின் காணியை விட்டிருந்தார்கள்.
துப்புரவாக்க நாலு பேர் போனோம்:
கத்தி, மண்வெட்டி, இரண்டு போத்தல் சோடா,
பொலித்தீன் உறைக்குள் உறுதியின் போட்டோக்கொப்பி.

கூரையில்லை. யன்னல்களை நிலையோடு கழற்றியிருந்தார்கள்.
சாமியறைக்குள் ஒரு ஆலங்கன்று
கன்று என்ற வயதைத் தாண்டியிருந்தது.
என் கண் தன்பாட்டில்
பிடிக்க விளிம்பு தேடியது.
இந்தத் தூணில் கால், அந்தப் பீலியில் கை,
தாவினால் மேல்மாடி.
காற்சட்டைப் பைக்குள் பெருவிரல்
அங்கே இல்லாத பொத்தானை அழுத்தியது.
ஏறியும் பார்த்திருப்பேன்.
முழங்கால்.

யசோதினி வெளியே நின்றாள்.
வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை.
ஆனாலும் செருப்பைக் கழற்றினாள்,
முள்ளுக்கும் போத்தலோட்டுக்கும் நடுவில்.
"விசரே உனக்கு" என்று மூன்று பேரும் கத்தினோம்.
வெட்கப்பட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.
பிறகு எங்களைப் பார்த்து,
"உள்ளுக்கு வாங்கோவன்" என்றாள்.

இரவு, ஒன்பதாம் பாகம்.
குகையக்கா ஒரு கதவை உதைத்துத் திறந்தாள்.
கோயிலில்லை, வீடு.
மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் சட்டி.
சட்டியை உடைத்தால் மூன்று தங்கக்காசு.
உடைத்தேன்.
இருபத்துச்சொச்சம் வருசமாய் உடைக்கிறேன்,
எத்தனை ஆயிரம் சட்டி.
ஒருத்தரும் உறுதியோடு வந்து நின்றதில்லை.

பழசானது இதுதானடா என்று
டெலக்சனுக்கு எழுதினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.
கேம்தானே அண்ணை, என்பான்.

கேம்தான்.
பத்தாம் பாகம் வந்தாலும் வாங்குவேன்,
முன்பதிவுக்கு விலை குறைத்தால் முன்பதிவில்.
பாலம் உடையும். அவள் தொங்குவாள்.
விழமாட்டாள் என்று தெரிந்தும்
எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதுவும் பொய்யில்லை.

அக்கா என்று சொல்லத்தான்
இனி வாய் வரவில்லை.
இருபத்துநாலு வயதுப் பிள்ளை.
அடுத்த வீட்டுக் கதவடிக்கு வந்ததும்
"தங்கச்சி, கொஞ்சம் நில்லன்" என்று
கன்ட்ரோலரை மேசையில் வைத்தேன்.

நின்றாள்.
மூச்சு வாங்கினாள். தோளை உருட்டினாள்.
யாரோ வந்து திறக்கட்டும் என்பதுபோல
கதவைப் பார்த்தாள்,
பிறகு தன் கைகளை.
கையுறையைக் கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன்.
இழுத்துச் சரிசெய்தாள்,
அவ்வளவுதான்.